கேட்கத் தெரியாமல் கேட்பவர்கள்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நீ பிறகு குழம்பக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குப் பதினேழு வயது. கலியாணம் ஆகவில்லை. உன் அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. அவர் இந்நேரம் எங்கேயாவது ஒரு மாமரத்தில் நின்று யாரிடமாவது ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். நீ வளர்ந்து, மீசை வைத்து, கணினியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக ஒரு கதிரையில் சாய்ந்திருக்கும்போது இதை வாசிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ பிறக்கும்வரை காத்திருந்து எழுதினால் என் கோபம் ஆறிவிடும். அப்போது எல்லா அம்மாக்களையும் போல நானும் 'நல்ல பிள்ளையாக இரு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். கோபம் சூடாக இருக்கும்போது எழுதினால்தான் விபரமாக வரும்.

ஏன் உனக்கு என்று கேட்பாய். தம்பியிடம் சொன்னால் சிரிப்பான். மாமாவிடம் சொன்னால் பாதியில் தன்னுடைய கதையைத் தொடங்கிவிடுவார். உண்மையில் இதைக் கேட்க வேண்டியவர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியையே அழித்து அழித்து எழுதுகிறேன். நீ ஒருவன்தான் குறுக்கே பேசாமல் கேட்பாய். மகளுக்கு எழுதாமல் மகனுக்கு எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இதுவரை இணையத்தில் என்னை ஏசியவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள் மாதிரித்தான் எழுதியிருந்தார்கள். நீ மகளாகப் பிறந்தாலும் பரவாயில்லை, இதையே வாசி.

முதலில் உன் அம்மப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டுக்கரையில். அப்பாவுக்கு வயலும் கொஞ்சம் மேட்டு நிலமும் உண்டு. ஒரு முறை மிளகாய்க் கன்றுகள் வாடத் தொடங்கியதும், பக்கத்து வளவுக்காரரிடம் தண்ணீர் இறைக்கும் மிசினைக் கேட்டு வாங்கி வரப் போனார். போனவர் நேரே மிசினைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. மழை வருமா என்று கேட்டார். யானை வந்து வேலியைத் தள்ளியதே, திரும்பக் கட்டியாயிற்றா என்று கேட்டார். மாடு கன்று போட்டதா, கன்று காளையா கிடாரியா, மூத்த மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, எல்லாம் கேட்டார். தேத்தண்ணி குடித்தார். பொழுது ஏறியதும் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அம்மா வாசலிலேயே நின்று, "எங்க மிசின்?" என்றா. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன், கதையில மறந்துபோனன்" என்றார். திரும்பிப் போனபோது பக்கத்து வளவுக்காரர் மிசினைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, வாசல் படலையடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். அப்பா எதற்கு வந்தார் என்று முதல் தடவையே அவருக்குத் தெரியும். அப்பா சுகம் விசாரித்து முடியும்வரை அவரும் பேசாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் இந்த வீட்டில் வளர்ந்தவள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியை வாசி.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று கேட்டால் வீட்டில் பல காரணம் சொல்வார்கள். சண்டையால் இடம்பெயர்ந்தது, அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனது, பள்ளிக்கூடம் தூரம் என்பது. எல்லாம் உண்மைதான். ஆனால் உனக்கு மட்டும் மற்றதையும் சொல்கிறேன். திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு பாடத்தில் மாடிக் கட்டடங்களில் மேலே ஏற்றும் மின்தூக்கியைப் பற்றி வந்தது. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நான் அன்றைக்கு எழும்பி, கரண்ட் நின்றால் உள்ளே நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கரண்டே இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்விதானே முதலில் வரும். வாத்தியார், "முதல்ல நீ ஒரு லிப்டைக் கண்ணால பார், பிறகு கேள்வி கேள்" என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்த கிழமை என் பெயர் 'லிப்ட்' ஆகிவிட்டது. சைக்கிளில் போகும் பெடியள் "லிப்ட், மேல போகுமா கீழ போகுமா" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தத் தவணையோடு நின்றுவிட்டேன். அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை, நன்றாகப் படிப்பிப்பார். ஒரு நிமிடச் சிரிப்புக்குச் சொன்னதை அவர் அடுத்த மணி அடிக்கும்போதே மறந்திருப்பார். எனக்குத்தான் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு இன்றைக்கும் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கிளிநொச்சியில் பெரிய றோட்டுக் கரையில் ஒரு தொலைத்தொடர்பு நிலையம் போட்டார். வெளிநாட்டுக்குப் பேச ஒரு தொலைபேசி, ஒரு போட்டோப் பிரதி மிசின், கூரையில் வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய தட்டு, அதோடு இணைத்த ஒரு கணினி. தொலைபேசிக்கு மாமி இருக்கிறா. 'லண்டன் லைன் வந்திட்டுது' என்று மாமி கூப்பிட்டால் அடுத்த சந்தியில் நிற்பவரும் ஓடி வருவார். கணினிக்கு ஆள் தேவை. நான் தட்டச்சு பழகியிருந்தேன், யாரோடும் கதைக்கவும் மாட்டேன், அதனால் வேலைக்குச் சரி என்று மாமா என்னைக் கூட்டி வந்தார். எனக்கும் அது சொர்க்கம். சனம் தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லும், நான் தலை நிமிராமல் தட்டி மெயில் அனுப்புவேன், வந்த மெயிலை அச்செடுத்துக் கொடுப்பேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு மெயில் திறக்காமல் போனது. ஒரு நாள் காலையில் ஜெனறேற்றர் போட்டு, கணினியைத் தொடக்கி, மெயில் பக்கத்துக்குப் போனால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றது. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில். எதை அழுத்தினாலும் மெயில் வராது. மற்றப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்க்க வந்த அம்மாக்கள் மர வாங்கிலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாமா கணினியின் தலையில் தட்டினார், பக்கத்தில் தட்டினார், விபூதி பூசினார். கடைசியில், அடுத்த லொறியில் இதை ஏற்றி வாங்கின வவுனியாக் கடைக்கே அனுப்பிவிட்டு, இதற்குப் பதிலாக இன்னொரு போட்டோப் பிரதி மிசின் எடுக்கப் போவதாகச் சொன்னார். மாமி மிளகாய் நுள்ளிக்கொண்டே, "அப்ப பிள்ளையை என்ன செய்யிறது?" என்று கேட்டா. "அவளை வீட்ட விடுவம், வேற என்ன" என்றார் மாமா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டுக்குப் போனால் திரும்ப என்னை எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றாள், வேலையும் சரிவரவில்லை என்று ஆகிவிடும். பிறகு மிளகாய்த் தோட்டம், அதன் பிறகு நீ. உன்னைச் சந்திப்பதில் எனக்குச் சந்தோசம்தான், ஆனால் அவ்வளவு கெதியாக வேண்டாம்.

அதனால்தான் என் வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஒரு கேள்வி கேட்கத் துணிந்தேன். உலகம் முழுக்க இருக்கும் எங்கள் ஆட்கள் வந்து எழுதுகிற ஒரு கருத்துக்களம் இணையத்தில் இருந்தது. அரசியல், சமையல், சினிமா என்று பகுதி பகுதியாக இருக்கும். கணினிப் பிரச்சினைகளுக்கும் ஒரு பகுதி. நான் பல நாளாக ஒளிந்து வாசிப்பதுண்டு. எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். 'புதியவள்' என்று போட்டேன். தலைப்பு கேட்டார்கள். 'வணக்கம்' என்று போட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த கடித முறையும் அப்பாவிடம் படித்த முறையும் சேர்த்து எழுதினேன். நாங்கள் எல்லோரும் நலம், நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமா என்று தொடங்கினேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டேன். இது மாமாவின் கடை என்றும், மாமா நல்லவர் என்றும், ஒவ்வொரு நாளும் கடை பூட்டும்போது இடிக்குப் பயந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டுத்தான் போவார் என்றும் எழுதினேன். கணினியில் இருக்கிற மணிக்கூடு எங்கள் நேரமும் காட்டாது கொழும்பு நேரமும் காட்டாது, அது அமெரிக்காவில் செய்த சாமான் என்பதால் தன் ஊர் நேரம் காட்டுகிறது என்று மாமா சொன்னதையும், சிரிப்பு வரட்டும் என்று எழுதினேன். ஜெனறேற்றருக்குள் ஒரு தவளை குடியிருப்பதைப் பற்றியும் எழுதினேன். இப்படி மூன்று பந்தி முடிந்த பிறகு, கடைசி வரியில், கூச்சத்தோடு, மெயில் திறக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன். பணிவன்புடன் என்று முடித்தேன்.

இந்த மணிக்கூட்டு விசயம் உனக்கு விளங்காது, சொல்கிறேன். என் காலத்தில் நாட்டில் இரண்டு நேரம். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, இயக்கத்தின் கையில் இருந்த எங்கள் வன்னி தள்ளவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி உள்ளே வருகிறவர்கள் கைமணிக்கூட்டை அரை மணி பின்னால் திருப்புவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள், சிலர் வேண்டுமென்றே திருப்பமாட்டார்கள். ஒரு கலியாண வீட்டில் மூன்று மணிக்கூடு மூன்று நேரம் காட்டும், ஐயர் மட்டும் தன் மணிக்கூட்டை நம்புவார். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மணிக்கூடு பிழையாக ஓடினால் ஆச்சரியமே வராது. இது யாருடைய நேரம் என்றுதான் கேட்போம். நீ வாசிக்கும் காலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பதில்கள் வந்திருந்தன. முதலாவது, 'சூறாவளி' என்ற பெயருள்ளவர், "இது கணினிப் பகுதியா, கலியாண புரோக்கர் பகுதியா?" என்று கேட்டிருந்தார். அடுத்தவர் 'எரிமலை'. "கேட்கும் முன் தேடிப் பார்க்கவும். இது நூறு தரம் பேசப்பட்டது" என்றார். எதைத் தேடுவது என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன் என்று எனக்கு அழுகை வந்தது. மூன்றாமவர் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். வணக்கம் என்பது ஒரு பிரச்சினையா, அதற்குத் தீர்வு சொல்ல முடியுமா என்று பகிடி. சூறாவளி திரும்ப வந்து, "தவளையை மறுபடி தொடக்கிப் பாரும்" என்றார். அதற்குக் கீழே பத்துப் பேர் சிரிக்கும் மஞ்சள் முகங்களைப் போட்டிருந்தார்கள். மகனே, அந்த மஞ்சள் முகங்கள்தான் மோசம். ஏசுகிறவன் இரண்டு வரி எழுதக் கைவலிக்கத் தட்டுகிறான். சிரிக்கிறவனுக்கு அந்தச் செலவும் இல்லை. கடைசியில் களத்தைப் பார்த்துக்கொள்கிற மட்டுறுத்துநர் வந்து, விதிமுறைகளை வாசிக்கும்படி சொல்லி, என் கேள்வியைத் தூக்கி 'அரட்டை' பகுதியில் போட்டுவிட்டார். மாமா கணினியை ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் அவர் என்னை ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தலைப்பு ஒழுங்காகப் போடத்தான் வேண்டும். ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் சலிப்பு வரத்தான் செய்யும். மாமியும் ஒரு நாளில் எத்தனை பேருக்கு, "இன்னும் லைன் வரேல்ல" என்று சொல்கிறா. ஆனால் கடைசி ஆளுக்குச் சொல்லும்போதும் முதல் ஆளுக்குச் சொன்ன மாதிரியேதான் சொல்வா, கத்திச் சொல்வா, அதோடு சரி. நீ ஏன் மற்றவனைப் போல ஒழுங்காகக் கேட்கவில்லை என்று கேட்கமாட்டா. உனக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்றால் சொல்லாமல் போ. அதில் ஒரு பிழையும் இல்லை. பதில் சொல்லாமல் போனவர்களை எனக்கு ஞாபகமே இல்லை, அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நான் கணினியை மூடிவிட்டுக் குசினிக்குப் போய் மாமிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கண் சிவந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் திரும்பப் போய்ப் பார்த்ததற்குக் காரணம் ஆசை இல்லை. என் எழுத்தை அழிக்க வழியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். அரட்டைப் பகுதியில் ஒரு புதுப் பதில் இருந்தது. 'முருங்கைக்காய்' என்ற பெயரில் ஒரு அக்கா. அவர் ஒழுங்காக, நான் கேட்ட வரிசையிலேயே பதில் எழுதியிருந்தார். தாங்கள் எல்லோரும் நலம் என்றும், தான் டென்மார்க்கில் இருப்பதாகவும், தன்னுடைய முழங்கால் மட்டும் நலமில்லை என்றும் எழுதியிருந்தார். அங்கே மழை இல்லை, பனி கொட்டுகிறதாம். தவளை பெரிய இனமா சின்ன இனமா என்று கேட்டிருந்தார். சமையல் குறிப்பு எழுத வந்த இடத்தில் என் கடிதத்தைக் கண்டதாகவும், இப்படி ஒருவர் சுகம் விசாரித்துப் பல வருடம் ஆகிவிட்டதால் இரண்டு தரம் வாசித்ததாகவும் சொன்னார். வாசித்தவர், எல்லோரும் சிரித்த இடத்தில் நின்றிருக்கிறார். "மாமா அமெரிக்க நேரம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மணி மட்டும்தான் பிழையா, அல்லது வருடமும் பிழையா? அந்த மணிக்கூட்டின் மேல் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள், அம்மா."

அழுத்தினேன். ஒரு கலண்டர் திறந்தது. அதில் இருந்த வருடத்தைத் திரும்பவும் வாசித்தேன். நாங்கள் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்த வருடம் அது. ஒவ்வொரு நாளும் இரவு மாமா வயரைக் கழற்றுவார், காலையில் இந்தப் பெட்டி எழும்பித் தான் இன்னும் அந்த வருடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். எனக்கு அதன் மேல் இரக்கம் கூட வந்தது. அந்த வருடத்தை நான் எழுதியதும் முருங்கைக்காய் அக்கா விளக்கினார். கணினிக்குள் காசு மாதிரி ஒரு சின்னப் பற்றி, அதாவது பேட்டரி, இருக்கிறது, கரண்ட் இல்லாத நேரத்தில் திகதியை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். எப்போதும் கரண்ட் இருக்கும் ஊர்களில் அது பல வருடம் போகும். இரவிரவாக வயரைக் கழற்றி வைத்தால் சீக்கிரம் செத்துவிடும். மெயில் பக்கம் தன் சான்றிதழைக் காட்டும்போது, உங்கள் கணினி திகதியைப் பார்த்துவிட்டு, இது இன்னும் பிறக்கவே இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. தன்னுடைய பழைய கணினிக்கும் இதே நோய், இதே வருத்தம் வந்ததாகவும், தானும் அப்போது ஒரு மாதம் அழுததாகவும் எழுதியிருந்தார்.

மகனே, இந்த இடத்தை நீ ஆறுதலாக, அவசரப்படாமல் வாசி. மாமா வயரைக் கழற்றுவதும் மணிக்கூடு பிழையாக ஓடுவதும் நான் ஏற்கெனவே எழுதியவை. விடை என் கடிதத்துக்குள்ளேயே இருந்தது. நான் அதைக் கேள்வி என்று நினைத்து எழுதவில்லை, மரியாதைக்காகவும் பகிடிக்காகவும் எழுதினேன். கெட்டிக்காரர்கள் அந்த இடத்தைத் தாண்டி நேரே கடைசி வரிக்கு வந்து, அங்கே ஒன்றும் இல்லை என்று என்னை ஏசினார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் ஏன் உன்னிடம் கேட்க வரப்போகிறான்? தெரியாதவன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொண்டு வருவான். அதற்குள் நீதான் தேட வேண்டும். உன்னிடம் வந்தவனை, போய்த் தேடு என்று திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இனித்தான் பெரிய சிக்கல். இதை மாமாவிடம் சொல்ல வேண்டும். எழுதுவது வேறு, வாய் திறப்பது வேறு. நாளைக்குச் சொல்லலாம், தேத்தண்ணி குடித்தபின் சொல்லலாம் என்று நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க, லொறி வந்து வாசலில் நின்றுவிட்டது. லொறி நானாவுடையது. முஸ்லிம் அண்ணாமாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக்காரர், முஸ்லிம் சனம் வெளியேற வேண்டி வந்தபோது போய், புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வியாபாரம் செய்கிறார். வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் அவர் ஏற்றாத சாமான் இல்லை. மாமாவும் அவரும் கணினியைப் போர்வையால் சுற்றி, கயிற்றால் கட்டி, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். தொலைபேசிக்காக வாங்கிலில் இருந்தவர்கள் எல்லோரும் பிரேதம் எடுப்பதைப் பார்ப்பதுபோல எழும்பி நின்றார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால், "மாமா, அது அமெரிக்க நேரம் இல்லை" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமா தூக்கியபடியே திரும்பிப் பார்த்தார். "அப்ப எந்த நாட்டு நேரம்?"

"நேரமில்லை மாமா, வருசம். அதுக்கு இண்டைக்கு எந்த வருசம் எண்டு தெரியாது."

"எனக்கும் ஒரொரு நாள் தெரியாதுதான் மகள்" என்றார் நானா, மறுபக்கத்தைப் பிடித்தபடி. வாங்கிலில் சிரிப்பு எழும்பியது. எனக்குக் கால் பின்வாங்கியது. லிப்ட் என்று யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். நானா அதைக் கண்டிருக்க வேண்டும். அவர் சாமானை மெதுவாக நிலத்தில் வைத்தார், மாமாவும் வைக்க வேண்டியதாகிவிட்டது. "நான் சும்மா சொன்னனான். நீங்க சொல்லுங்க, என்ன செய்ய வேணும்?" என்றார்.

நான் சொன்னேன். சரியாகச் சொல்லவில்லை. காசு என்றேன், பற்றி என்றேன், டென்மார்க் என்றேன், மழையில் தொடங்கி முழங்காலுக்குப் போனேன். நானா கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு லொறிக்குப் போய் ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் கைமணிக்கூடுகள், ரோச் லைட்டுகள், காசு மாதிரிப் பற்றிகள் பல அளவில் கிடந்தன. தான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்க்க வேண்டி வந்ததற்காக, தன்னைத்தானே திட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். மாமா பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்ததை எடுத்து, மேலே அதே எழுத்துப் பொறித்த ஒன்றை நானாவின் பெட்டியில் தேடி, போட்டோம். ஜெனறேற்றரைப் போட்டு நான் திகதியைச் சரியாக்கினேன். பிறகு அதை நிற்பாட்டி, மாமா இரவில் கழற்றுகிற மாதிரியே எல்லா வயரையும் கழற்றி, மாமி ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடியும்வரை ஒருவரும் கணினிப் பக்கம் பார்க்காமல் இருந்தோம். திரும்பப் போட்டபோது, மகனே, அது இன்றைக்கு எழும்பியது. மெயில் திறந்தது. மாமா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "அந்தச் சின்னப் பற்றியிலதான் வருத்தம் எண்டு நான் முதலே நினைச்சனான்" என்றார். மாமி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனா. கோப்பைகள் கொஞ்சம் பலமாகத்தான் ஒன்றோடு ஒன்று மோதின.

என் வேலை தப்பியது என்று நான் மகிழ்ந்தது ஒரு நாள்தான். மாமா அடுத்த நாளே மட்டையில் ஒரு அறிவித்தல் எழுதி வாசலில் தொங்கவிட்டார். கணினி பற்றிய சகல சந்தேகங்களும் இங்கே தீர்க்கப்படும் என்று எழுதி, கீழே ஒரு அம்புக்குறி. அம்பு நான் இருக்கும் மூலையைக் காட்டியது. யாரோடும் கதைக்க வேண்டியதில்லை என்று வந்தவள், கதைத்தே தீர வேண்டிய ஆளாகிவிட்டேன்.

முதலாவதாக வந்த அம்மாவின் கேள்வியை எழுதுகிறேன், நீ சிரிக்கிறாயா என்று பார்ப்போம். அவவின் மகன் பிரான்சில். நேர வித்தியாசத்தால் அவன் மெயில் எழுதுவது எங்கள் இரவில். "பிள்ளை, அவன் அனுப்பேக்க நீங்கள் கடையைப் பூட்டியிருந்தா, மெயில் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிடுமோ?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு மஞ்சள் முகம் வாயைத் திறந்ததை நானே கண்டேன். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தால் பதில் இல்லை. திரும்பிப் போகாது என்று தெரியும். அப்படியென்றால் இரவு முழுக்க எங்கே நிற்கும்? மாமாவின் கூரைத் தட்டிலா, ஆகாயத்திலா? எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லி, கேட்டுச் சொல்கிறேன் அம்மா, பிறகு வாங்கோ என்றேன். முருங்கைக்காய் அக்காவிடம் கேட்டேன். அவர் முழங்காலைப் பற்றி எழுதிவிட்டு, தூர ஒரு நாட்டில் எப்போதும் விழித்திருக்கும் பெரிய கணினிகளைப் பற்றி எழுதினார். மெயில்கள் அங்கே காத்திருக்குமாம். அந்த அம்மா திரும்ப வந்தபோது சொன்னேன். அவ, "அப்ப அவன் என்னோட கதைச்சது அங்க பத்திரமா இருக்கு" என்றா. நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அந்த மெயில்களை எல்லாம் அச்செடுத்துத் தரும்போது கூட நினைத்ததில்லை.

நீ கெட்டிக்காரனாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைவிடக் கெட்டிக்காரனாக வருவது ஒன்றும் கஷ்டமில்லை. உன் வீட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், உன் பற்றி பல வருடம் போகும். உன் களத்திலும் யாராவது வந்து தலைப்பில் வணக்கம் என்று போட்டு, உன் அம்மாவின் சுகத்தை விசாரித்து, தவளைக் கதை சொல்லி, கடைசியில் ஒரு வரி கேட்பார். கேட்கப் பழகாத கேள்வியாக இருக்கும். அவர் அதை அனுப்பும் முன் எத்தனை தரம் அழித்து எழுதினார் என்று உனக்குத் தெரியாது. உன் பதிலால் அவருக்கு என்ன போகும், என்ன நிற்கும் என்றும் தெரியாது. விதிமுறையைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். முதலில் முழுவதையும் வாசி.

இன்னும் எழுத இருந்தேன். ஆனால் கொஞ்ச நேரமாக ஒரு அக்கா வாசலில் நிற்கிறா. அறிவித்தலை வாசிக்கிறா, அம்பைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா, திரும்ப றோட்டைப் பார்க்கிறா. கையில் ஒரு பை, அதன் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நிற்கிறா. மாமி கூப்பிட்டால் பயந்து போய்விடுவா. ஒரு கால் ஏற்கெனவே படிக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் இதை இங்கே நிறுத்திவிட்டு எழும்பிப் போகப் போகிறேன். அவ கேட்கும் வரைக்கும் காத்திருந்தால் கேட்கமாட்டா. நான்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா. கதிரை இருக்கு, ஆறுதலா இருந்து சொல்லுங்கோ."